ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தமும் கோர்ட்டுத் தடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூரில் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதில் ஒன்பது வருடம் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்ற பிறகும் போன் வருவது நிற்கவில்லை. நிர்வாகத்தோடு போட்ட சம்பள ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது பிரச்சினை வெடிக்கும், நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி வரும், தோழர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் முடிவு. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"12(3) போட்டாச்சு, 18(1) போட்டாச்சுன்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டும் 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் பேசிக் கையெழுத்தாவது 12(3) ஒப்பந்தம். அது ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளர்களையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொள்வது 18(1). அது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எண்கள் மாறினாலும் இந்த வித்தியாசம் மாறவில்லை. லேபர் ஆபீஸிலும் கேட் மீட்டிங்கிலும் இன்னும் பழைய எண்கள்தான் புழங்குகின்றன என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

"ஒப்பந்தம் இருக்கற மூணு வருஷமும் ஸ்டிரைக்கே பண்ணக் கூடாதா?"

அப்படிச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அந்த ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பழைய சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது, புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. 'அடங்கிய விஷயங்கள்' என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. சம்பளம், போனஸ், உற்பத்தி அளவு மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் அவை பூட்டப்பட்டுவிட்டன. பிரஸ் ஷாப்பில் பாதுகாப்புத் தடுப்பு இல்லாத இயந்திரத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், அது பூட்டுக்கு வெளியே இருக்கிறது.

ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் இதை நம்பிவிடாதீர்கள். "ஒப்பந்தக் காலத்தில் நிர்வாகத்துக்குப் பண பாரம் ஏற்படுத்தும் எந்தக் கோரிக்கையையும் சங்கம் எழுப்பாது" என்ற மாதிரி ஒரு ஷரத்து பெரும்பாலும் அங்கே இருக்கும். நாங்கள் போட்ட ஒரு ஒப்பந்தத்தில் அது 14-ஆம் பக்கம், கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது. சம்பள உயர்வுத் தொகையைப் பார்த்த கண் அங்கே போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து கேண்டீன் மானியம் கேட்டபோது அந்தப் பக்கத்தைத்தான் எங்கள் முன்னால் விரித்துப் போட்டார்கள்.

"இன்ஜங்ஷன், ஸ்டே, தடை உத்தரவு எல்லாம் ஒண்ணுதானா?"

பேச்சில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். ஸ்டே என்பது ஏற்கெனவே உள்ள ஓர் உத்தரவையோ நடவடிக்கையையோ நிறுத்தி வைப்பது. இன்ஜங்ஷன், அதாவது உறுத்துக்கட்டளை, ஒரு தரப்பைப் பார்த்து 'இதைச் செய்யாதே' என்று சிவில் கோர்ட்டு இடும் கட்டளை. உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இடைக்கால உறுத்துக்கட்டளை. வழக்கு முடியும்வரை, அல்லது அடுத்த வாய்தா வரை நிற்பது. சங்கம் செய்தது தப்பு என்று கோர்ட்டு முடிவு கட்டிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

"ஸ்டிரைக்கையே கோர்ட்டு தடுத்திட முடியுமா?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்ற தடை தொழிற்தகராறு சட்டம் உண்டாக்கிய தடை. அப்படி ஒரு சட்டமே உண்டாக்கிய உரிமைக்கும் கடமைக்கும் அந்தச் சட்டம் காட்டும் வழியில்தான் பரிகாரம் தேட வேண்டும், சிவில் கோர்ட்டு அதற்கு இடமில்லை என்று பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நிர்வாகத்தின் வக்கீல்கள் மனுவை வேறு மாதிரி எழுதுவார்கள். "ஒப்பந்தத்தை மீறி ஸ்டிரைக் செய்கிறார்கள், தடுங்கள்" என்பதைப் பிரதானமாக வைக்க மாட்டார்கள். "எங்கள் இடத்துக்குள் அத்துமீறி நுழைகிறார்கள், லாரியை மறிக்கிறார்கள், வேலைக்கு வருபவரைத் தடுக்கிறார்கள், அதிகாரிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள்" என்று எழுதுவார்கள். இவை பொதுச் சட்டப்படியான சொத்துரிமை, நடமாடும் உரிமை பற்றியவை. இவற்றில் சிவில் கோர்ட்டு தலையிடலாம்.

அதனால்தான் உத்தரவுகள் பெரும்பாலும் கேட்டைப் பற்றியே இருக்கின்றன: இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, வண்டியை மறிக்கக் கூடாது. 2024 செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் நிர்வாகம் காஞ்சிபுரத்தில் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டதும் ஆலையிலும் சுற்றிலும் கோஷம், பேச்சுக்குத் தடைதான். உங்கள் கைக்கு உத்தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை. கேட்டருகே கூட்டம் சேராதே என்ற உத்தரவை ஸ்டிரைக்கே கூடாது என்று வாசித்துவிட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பிய சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அது மனதுக்கு மிகவும் கஷ்டமான காட்சி.

"பதிவு பண்ணின சங்கத்து மேல சிவில் வழக்கே போட முடியாதுன்னு ஒரு தோழர் சொன்னாரே?"

பாதி சரி. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தொழில் தகராறை ஒட்டிச் செய்த ஒரு செயல் 'வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது' என்பதற்காக மட்டும் சங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று பாதுகாப்பு கொடுத்தது. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் மறியல், முற்றுகை, மிரட்டல், அடைத்து வைப்பது எதற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கெராவோ, அதாவது அதிகாரிகளைச் சூழ்ந்து வெளியே விடாமல் வைப்பது பற்றி கல்கத்தா உயர் நீதிமன்றம் 1967-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று நம்மூர்த் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றவர். 1920-ல் தகராறு முற்றியபோது அந்த மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று வாடியா உள்ளிட்டவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தடையும் வாங்கியது. தொழிலாளிக்காகப் பேசியதே சட்டப்படி தவறு என்றாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் 1921-ல் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருடம் கழித்துச் சட்டம் வந்தது. இன்று நாம் நோட்டீஸ் அடித்து ஸ்டிரைக்குக் கூப்பிட முடிவதற்குப் பின்னால் பெரம்பூர் மில் தகராறில் வாங்கிய அந்தத் தடை இருக்கிறது.

"ஸ்டிரைக் பண்ண உரிமையே கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சாமே?"

2003-ல் தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் ஒரே அடியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை டிஸ்மிஸ் செய்தார்களே, அந்த வழக்கில் வந்த தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். அது அரசு ஊழியர் வழக்கு. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்பது 1960-களிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆனால் அமைதியான ஆர்ப்பாட்டம் பேச்சுரிமையில் அடங்கும் என்றும் அதே நீதிமன்றம் 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொன்னது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, சட்டம் போட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேலைநிறுத்தம் சட்டபூர்வமான ஆயுதம்தான். எந்த நிபந்தனை, எந்த நாள் என்பதுதான் வழக்கே.

"100 மீட்டர் தள்ளி நில்லுன்னு உத்தரவு. எங்கேருந்து அளக்கறது?"

உத்தரவில் எழுதியபடி. 'மெயின் கேட்டிலிருந்து' என்றால் கேட்டிலிருந்து, 'ஆலை வளாகத்திலிருந்து' என்றால் சுற்றுச்சுவரிலிருந்து. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். எங்களுக்கு ஒருமுறை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோர்ட்டு அமீனா வந்து சங்கப் போர்டு மேலேயே உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் டேப் பிடித்து அளந்தோம். நாங்கள் தினமும் உட்காரும் டீக்கடை பெஞ்சு 94-வது மீட்டரில் இருந்தது. கடைக்காரரிடம் சொல்லி பெஞ்சை ஆறு மீட்டர் தள்ளிப் போட்டு, ரோட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அளந்ததைப் போட்டோ எடுத்து வைத்தோம். மூன்று வாரம் கழித்து 'உத்தரவை மீறினார்கள்' என்று மனு வந்தபோது அந்தப் போட்டோதான் எங்களைக் காப்பாற்றியது. அளக்காமல் உட்காராதீர்கள்.

"எங்களை ஒரு வார்த்தை கேக்காமலே எப்படி உத்தரவு போட்டாங்க?"

அவசரம் என்று காட்டினால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை இடம் தருகிறது. அப்படிப் போட்டால் காரணத்தை நீதிபதி எழுத வேண்டும், அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். தடையை நீக்கவோ மாற்றவோ கேட்டு நீங்கள் அதே கோர்ட்டில் மனுப் போடலாம். 'கேட்டு' என்பது ஆலைக்கு நான்கு பக்கமும் இருக்கிறது, தொழிலாளி பஸ் ஏறும் இடமும் அதற்குள் வருகிறது என்பது போன்ற நடைமுறைக் கஷ்டத்தைச் சொன்னால் தூரத்தைக் குறைத்த நீதிபதிகள் உண்டு. அதற்கு மேல் அப்பீலும் இருக்கிறது.

இதைவிட முக்கியம் முன்கூட்டியே கேவியட் போடுவது. தகராறு முற்றுகிறது என்று தெரிந்ததும், உங்கள் பகுதிக்கு அதிகாரம் உள்ள சிவில் கோர்ட்டில் 'எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று கேவியட் மனு கொடுத்து வைக்கலாம். 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். செலவு குறைவு. இதைச் செய்யாமல் விட்டுத்தான் பெரும்பாலான சங்கங்கள் வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொள்கின்றன.

"வழக்குல தலைவர், செயலாளர் பேர்தான் இருக்கு. என் பேர் இல்லையே, நான் போய் நிக்கலாமா?"

நிற்காதீர்கள். சங்கத்தைப் பிரதிவாதியாக்கும்போது 'சங்கமும் அதன் உறுப்பினர்களும் அவர்கள் சார்பில் செயல்படும் ஆட்களும்' என்றுதான் உத்தரவு எழுதப்படும். உறுப்பினர் அதில் அடங்கிவிடுகிறார். உத்தரவு இருப்பது தெரிந்தே மீறினால் 'என் பெயர் இல்லை' என்பது நிற்காது.

"மீறினா ஜெயிலா?"

இருக்கலாம். இடைக்காலத் தடையை மீறியவரின் சொத்தைக் கோர்ட்டு ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவு என்றால் அவமதிப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை போகும். நடைமுறையில் இதைவிட முன்னால் வருவது போலீஸ். உத்தரவைக் காட்டி நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் போலீஸ் பாதுகாப்பு கேட்டு ரிட் போடும். அதற்கப்புறம் கேட்டில் நிற்பவர் மேல் கிரிமினல் வழக்கு வர அதிக நேரம் ஆகாது.

"கறுப்பு பேட்ஜ் குத்தறது, கேண்டீன் பகிஷ்காரம், ஓவர்டைம் மறுக்கறது, மெதுவா வேலை பண்றது... இதெல்லாமும் ஸ்டிரைக்கா?"

பலர் கூடிப் பேசி வேலையை நிறுத்துவதும், வேலை செய்ய மறுப்பதும்தான் சட்டப்படி வேலைநிறுத்தம். பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பவர் வேலையை நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்குப் போகாதவரும் நிறுத்தவில்லை. ஓவர்டைம் விஷயத்தில் ஜாக்கிரதை: ஒப்பந்தத்தில் ஓவர்டைம் பற்றி ஷரத்து இருந்து, எல்லாரும் சேர்ந்து மறுத்தால் மேலே சொன்ன பூட்டு விழும்.

மெதுவாக வேலை செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஸ்டிரைக்கில் சம்பளம் போகும், ஆனால் வெளிப்படையாக நிற்கிறோம். 'கோ-ஸ்லோ'வை, அதாவது மெதுவாக வேலை செய்வதை, ஆலையின் வேலை விதிகளான நிலையாணை நேராக ஒழுங்கீனம் என்கிறது, உச்ச நீதிமன்றமும் அதை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. தனித்தனி ஆளாக எண்ணிக்கை எடுத்து சார்ஜ் மெமோ கொடுக்க நிர்வாகத்துக்கு அது வசதி. அப்புறம் இன்னொன்று: புதிய தொகுப்பில், ஒரே நாளில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான்.

"சட்டவிரோத ஸ்டிரைக்னு ஆயிட்டா வேலை போயிடுமா? கம்பெனி நஷ்டத்தை எங்ககிட்ட வசூல் பண்ணுமா?"

நஷ்டஈடு வாங்க முடியாது. ரோட்டாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம், சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் தண்டனை சொல்லியிருக்கிறது, அதற்கு மேல் நஷ்டஈடு என்று தொழிலாளியிடம் கேட்க முடியாது என்றது. கேட் நோட்டீஸில் 'ஒரு நாள் நஷ்டம் இத்தனை கோடி, சங்கமே பொறுப்பு' என்று ஒட்டினால் பயப்பட வேண்டாம்.

சம்பளம் போகும். முன்னறிவிப்பு வேண்டும் என்ற நிபந்தனை வேலை விதிகளில் இருந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அறிவிக்காமல் நின்றால், கூடுதலாக எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதிய தொகுப்பில் ஒரு மாதம் வரை சிறை என்பது அப்படியே இருக்கிறது; அபராதம் 1,000 முதல் 10,000 ரூபாய், தூண்டியவருக்கு 10,000 முதல் 50,000. சங்க நிர்வாகிகள் இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தானாகப் போகாது. சார்ஜ் மெமோ, உள் விசாரணை என்று போய்த்தான் ஆக வேண்டும், விசாரணையில் ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

"நிர்வாகமே ஒப்பந்தத்தை மீறுது. அப்போ நாங்களும் மீறலாம்தானே?"

மனசு அப்படித்தான் சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி தர வேண்டிய பணத்தைத் தரவில்லை என்றால் வசூலுக்கு வழி இருக்கிறது, லேபர் கோர்ட்டில், புதிய தொகுப்பின்படி தொழில் தீர்ப்பாயத்தில், கணக்குப் போட்டுக் கேட்கலாம். ஒப்பந்தத்தை மீறுவது நிர்வாகத்துக்கும் தண்டனைக்குரிய குற்றம்தான், அதற்குப் புகார் கொடுக்கலாம். ஒரு விதிவிலக்கு: நிர்வாகம் சட்டவிரோதமாகக் கதவடைப்புச் செய்து, அதன் விளைவாக நீங்கள் வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது.

சிவில் கோர்ட்டில் இது வேறு விதத்தில் உதவும். உறுத்துக்கட்டளை நியாயத்தின் பேரில் கேட்கும் பரிகாரம். கேட்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். நிர்வாகம் முதலில் மீறியதைத் தேதியோடு, கடித நகலோடு பதில் பிரமாணப் பத்திரத்தில் வையுங்கள்.

"ஒப்பந்தம் போட்டது வேற சங்கம். எங்க சங்கம் கையெழுத்தே போடலை. எங்களையும் கட்டுப்படுத்துமா?"

முதல் பதிலைப் பாருங்கள். 12(3) என்றால் கட்டுப்படுத்தும். 18(1) என்றால் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று வலுவாக வாதாடலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பணத்தை வாங்கிக்கொண்டு தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் வாதம் பலவீனமாகும்.

அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்தாதே என்று நீங்கள் சிவில் கோர்ட்டில் தடை கேட்பது கடினம். பிரீமியர் வழக்கின் கதையே அதுதான். பம்பாயில் ஒரு சங்கம் போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து வேறு தொழிலாளர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள், உச்ச நீதிமன்றம் அங்கே போக முடியாது என்றது. நிர்வாகத்துக்கு எதிராக நாம் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, தொழிலாளிக்கு எதிராக வந்த தீர்ப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

"ஒப்பந்தம் மார்ச் 31-ல முடிஞ்சுது. ஏப்ரல் 1-ல இறங்கலாமா?"

இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். தேதி முடிந்ததும் ஒப்பந்தம் செத்துவிடாது. முடித்துக்கொள்கிறோம் என்று ஒரு தரப்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 60 நாள் ஆகும்வரை, அதாவது பழைய கணக்கில் இரண்டு மாதம் ஆகும்வரை, அது தொடர்ந்து கட்டுப்படுத்தும். நோட்டீஸே கொடுக்கவில்லை என்றால் இழுத்துக்கொண்டே போகும்.

அதற்கு மேல், பழைய சட்டத்தில் ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு நிபந்தனை இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும், நோட்டீஸ் 60 நாளுக்குள் பயன்பட வேண்டும். இடையில் சமரசப் பேச்சு தொடங்கினால் அது நடக்கும்போதும் முடிந்து ஏழு நாளும் இறங்கக் கூடாது. இந்தத் தேதிகளை எல்லாம் ஒரு காலண்டரில் குறித்துச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டுங்கள்.

"மத்திய சங்கங்கள் கூப்பிடற பொது வேலைநிறுத்தத்துல கலந்துகிட்டா ஒப்பந்த மீறலா?"

அரசின் கொள்கையை எதிர்த்து நடப்பது உங்கள் சம்பள ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயம் அல்ல, அந்தப் பூட்டு இதற்குப் பொருந்தாது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் 'எந்தக் காரணத்துக்காகவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வார்த்தையை நிர்வாகம் பிடித்துக்கொள்ளும். முன் பதிலில் சொன்ன முன்னறிவிப்பு இதற்கும் வேண்டும். அன்று ஒருநாள் சம்பளம் போகும் என்று உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

"எங்க கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனி. அங்கெல்லாம் ஒப்பந்தக் காலத்துல ஸ்டிரைக்கே கிடையாதுன்னு எச்.ஆர். சொல்றாரே?"

சில நாடுகளில் உண்மை. ஆஸ்திரேலியாவில் 2009-ஆம் ஆண்டு நியாய வேலைச் சட்டப்படி, நிறுவன ஒப்பந்தத்தின் காலம் முடியும்வரை எந்த விஷயத்துக்காகவும் வேலைநிறுத்தம் கூடாது. ஆணையம் நிறுத்தச் சொல்லும், மீறினால் கோர்ட்டு. அமெரிக்காவில் 1932-ல் சட்டம் போட்டு இன்ஜங்ஷனைக் கட்டுப்படுத்தினார்கள். 1970-ல் பாய்ஸ் மார்க்கெட்ஸ் வழக்கில், ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்ற ஷரத்தும் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புதலும் இருந்தால் தடை தரலாம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. ஆனால் உங்கள் ஆலை இருப்பது ஒரகடத்தில். இங்கே 'அடங்கிய விஷயங்கள்' என்ற வரம்பு இருக்கிறது. அவர் சொல்லும் விதி உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"பேசி முடிச்சு புது ஒப்பந்தம் போட்டாச்சு. பழைய இன்ஜங்ஷன் வழக்கு என்ன ஆகும்?"

தானாக முடியாது. எங்கள் அனுபவத்தில், ஒப்பந்தம் கையெழுத்தாகி இனிப்பு கொடுத்து நான்கு வருடம் கழித்து, ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருந்த எங்கள் பழைய பொருளாளர் வீட்டுக்குச் சம்மன் போனது. அவர் மனைவி பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்கள். அசல் வழக்கை நிர்வாகம் வாபஸ் வாங்கவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. புது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே கேளுங்கள்: சிவில் வழக்கு, ரிட், போலீஸ் புகார், சார்ஜ் மெமோ ஒவ்வொன்றையும் அதன் எண்ணோடு, கோர்ட்டுப் பெயரோடு, எந்தத் தேதிக்குள் வாபஸ் என்பதோடு எழுத வேண்டும். 'எல்லா வழக்குகளும் கைவிடப்படும்' என்ற பொத்தாம்பொதுவான வரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.